கூட்டாளியின் காதும் மயக்க ஊசியும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு எழுத்து எதற்கு? ஆனால் என் கூட்டாளியின் காதைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கிழித்தவனே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பத்து வயதில் சடுகுடு ஆடும்போது அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். கையில் அகப்பட்டது கடுக்கன். விடாமல் இழுத்தேன். இடது காதுச் சோணை இரண்டாகப் பிளந்துவிட்டது. அவன் அப்பா ஆடு மேய்க்கிறவர். தொரட்டிக் கம்பு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அந்தக் கம்பை நினைத்து நான்தான் அழுதேன், காது கிழிந்தவன் அழவில்லை.

"முள்ளு கிழிச்சிட்டுன்னு சொல்லிக்கிடுதேன். நீ அழாதல" என்றான்.

அதன்பிறகு அவன் முடியைக் காது மூட வளர்த்துச் சமாளித்தான். அப்போது பயல்கள் எல்லோருக்குமே அந்த முடிதான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் பெண் அமைந்ததும் வந்தது வினை. அவர்கள் வழக்கத்தில் மாமனார் மாப்பிள்ளைக்குக் கடுக்கன் போடவேண்டும். "அறுந்த காதுல எங்கன மாட்ட?" என்று பெண் வீட்டில் கேட்டுவிட்டார்கள். தை மாதத்துக்குள் காதைத் தைத்து, ஆறவிட்டு, மறுபடி குத்தியாக வேண்டும்.

ஆடி முடிந்ததும் அவன், அவன் அப்பா, நான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையானவர்.

"மூணு வழி இருக்கு. காதுல மட்டும் ஊசி போட்டு மரக்க வைக்கலாம். குத்தும்போது எரியும், அப்புறம் இழுக்கிறது தெரியும், வலி தெரியாது. இல்லேன்னா அதோட லேசான தூக்கத்துக்கும் ஒரு ஊசி. அரைத் தூக்கத்தில ஏதாவது உளறுவாங்க. மூணாவது முழு மயக்கம். அதுக்குத் தனி டாக்டர் வரணும். முந்தின ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. ஒரு சோணைக்கு அவ்வளவு வேண்டாம்னுதான் நான் சொல்வேன்."

அப்பா விடவில்லை. "முழுசாவே குடுங்கய்யா. ஊசியக் கண்டா எம் பய ஓடிருவான்."

டாக்டர் யோசித்து, செவ்வாய்க்கிழமை மயக்க டாக்டர் திருநெல்வேலியிலிருந்து வருவார், அன்றைக்கு வாருங்கள் என்றார்.

என் காதில் 'உளறுவாங்க' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அரைத் தூக்கத்துக்கே உளறல் என்றால் முழு மயக்கத்துக்கு? என் பேர், கடுக்கன், சடுகுடு எல்லாம் வரிசையாக வெளியே வரும். வாசலில் தொரட்டிக் கம்பு நிற்கும்.

"ஏலே, மயக்கத்துல மனசுல உள்ள ரகசியமெல்லாம் வெளிய வந்துரும். நாம பீடி குடிச்சது, சினிமாவுக்கு ஓடுனது, எல்லாம். மரக்க ஊசியே போதும்ல" என்று வழியெல்லாம் ஓதினேன்.

"வந்தா வரட்டும். எனக்கு வலிக்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்ப் புத்துமண் வாங்கி, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரில் கரைத்து அவனிடம் நீட்டினேன்.

"டாக்டர் ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னாருல்லா?"

"சாமி பிரசாதம் சாப்பாட்டுல சேருமா மக்கா? கண்ண மூடிட்டுக் குடி."

சங்கரன்கோவிலில் பிறந்தவன் புத்துமண்ணை எப்படி வேண்டாம் என்பான்? கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

ஆஸ்பத்திரியில், "ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்று அவன் மனசாரச் சொன்னான்.

நான் குறுக்கே புகுந்தேன். "புத்துமண் கரைச்ச தண்ணி மட்டும் குடிச்சான் டாக்டர். ஒரு தம்ளர்."

டாக்டர் முகம் மாறிவிட்டது. "சொன்னியே, நல்ல வேளை. மயக்கத்தில வாந்தி வந்து மூச்சுக்குழல்ல இறங்கினா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு மயக்கம் கிடையாது."

எனக்கு விளையாட்டெல்லாம் ஒரு நிமிஷம் இறங்கிவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் பிரசாதத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமியே வேண்டாம்னுட்டா நாம என்னத்தச் செய்ய? மரக்க ஊசியே போடுங்கய்யா."

ஊசியைப் பார்த்ததும் கூட்டாளி என் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் பதிந்து ரத்தமே கசிந்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன். என்னால்தானே அவன் முழித்துக்கொண்டு கிடக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. "வலிக்குதாலே?" என்றேன்.

"இல்லல. பக்கத்துல எவனோ சட்ட தைக்கான்."

டாக்டர் நூலை இழுத்தபடியே பேச்சுக் கொடுத்தார். "இது எப்படிப்பா கிழிஞ்சது?"

கதவுப் பக்கம் அப்பா நின்றார்.

"முள்ளு, டாக்டர்" என்றான்.

அப்பா ஒருதரம் இருமினார்.

காதில் கட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "ஏலே, நெசமாச் சொல்லு. மயக்கம் குடுத்திருந்தா எம் பேரச் சொல்லிருப்பியோ?"

"அதுக்கு மயக்கம் எதுக்குல, எங்கப்பாட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்."