ஆடிக் காற்றில் ஒரு ஸ்பானியக் கப்பல்

தேனிப் பக்கத்தில், ஆடி மாதத்தில், நடுத்தெருவில் பாய் விரித்த ஒரே முட்டாள் நான்தான். இங்கே அடிக்கிற காற்றுக்காகவே எங்கிருந்தோ ஆட்கள் வந்து காற்றாலை நட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் நானும் அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் போவேன். பார்த்ததற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது ஒரு தனித்திறமை.

நான் பெரியகுளத்துக்காரன். பெண் எடுத்த ஊரிலேயே குடியேறி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். மாதா திருவிழாவுக்குச் சப்பரம் கட்டுவது வருடத்துக்கு ஒரு தெருவின் முறை. மாப்பிள்ளைமார் அதில் கை வைப்பதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாய் நிற்கலாம், பந்தியில் சாம்பார் ஊற்றலாம். பல வருடம் ஊற்றிவிட்டேன். நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று யாராவது ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்றிருந்தது. போன வருடம் எங்கள் தெரு முறை வந்தது. கூட்டத்தில் எழுந்து, மாதாவைக் கப்பலில் கொண்டுவருவோம் என்றேன்.

ஸ்பெயினிலிருந்து புதுக்கரை தேடிப் புறப்பட்ட பழைய பாய்மரக் கப்பல். பானை வயிறு, மாடிவீடு மாதிரி உயர்ந்த பின்பக்கம், சிவப்புச் சிலுவை போட்ட சதுரப் பாய். அந்த மாலுமிகள் அந்தி சாய்ந்ததும் மேல்தளத்தில் நின்று மாதாவுக்குப் பாடுவார்களாம். அதைச் சொன்னதும் கூட்டம் உருகிவிட்டது. இந்தியாவைத் தேடிக் கிளம்பி வேறெங்கோ போய் இறங்கியவர்கள், இப்போதாவது வந்து சேரட்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், திராட்சைத் தோட்டக்காரர், மட்டும் சிரிக்கவில்லை. பொறுப்பை என் தலையில் கட்டினார். கெட்டுப்போனால் மறுபடி சாம்பார் வாளிதான் என்பது இருவருக்குமே தெரியும்.

மூங்கிலும் தெர்மாகோலுமாய், நான்கு ரப்பர் சக்கரத்தின் மேல் கப்பல் எழுந்தது. பாயை என் மனைவியும் தெருப் பெண்களும் சேர்ந்து தைத்தார்கள். அந்தக் கப்பல்களில் சிலவற்றுக்கு முக்கோணப் பாய் இருந்தது. எதிர்க்காற்றிலும் கொஞ்சம் சமாளிக்கும். சதுரப் பாய் பின்னாலிருந்து காற்றடித்தால்தான் ஓடும். வகுப்பில் படம் போட்டு நான் நடத்திய பாடம் இது. ஆனால் சிலுவை சதுரத்தில்தான் எடுப்பாக இருக்கும் என்று சதுரமே போதும் என்றுவிட்டேன்.

திருவிழா அன்று மத்தியானம், மாதா சொரூபத்தை ஏற்றாமல் வெள்ளோட்டம் பார்த்தோம். கோயிலிலிருந்து சப்பரம் முதலில் மேற்கே போகவேண்டும். காற்றோ மேற்கு மலையிலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தது. வடம் பிடித்த ஆட்கள் நாலு எட்டு வைத்திருப்பார்கள். பாய் புடைத்தது. கப்பல் ஒரு கணம் யோசித்தது. பிறகு அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாய்ப் புறப்பட்டு, டீக்கடைப் பெஞ்சில் இடித்து நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கிளாஸை நகர்த்தக்கூட இல்லை.

"எங்க மாப்ள, ஸ்பெயினுக்கே திரும்பிப் போகுதா?" என்றார் மச்சான்.

பாயைக் கழற்றிவிடலாம் என்றார்கள். கழற்றினால் அது கப்பலில்லை, வயிறு பெருத்த வண்டி. அந்த மாலுமிகளே நடுவழியில் ஒரு தீவில் நின்று பாய் மாற்றியவர்கள்தான் என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் பூசை முடிந்ததும் சொரூபத்தை ஏற்றியாக வேண்டும். எனக்குக் காதில் சாம்பார் வாளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

என் மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க."

பெஞ்சின் மேல் ஏறி, தான் தைத்த பாயில் தானே அரைவட்டமாய் ஒரு வெட்டு வெட்டினாள். பக்கத்தில் இன்னொன்று. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ரோட்டின் குறுக்கே கட்டியிருந்த திருவிழா பேனரில், காற்று போவதற்காக அதே அரைவட்ட ஓட்டைகள். நம் ஊரில் எந்த பேனரில்தான் அது இல்லை? மற்றப் பெண்களும் ஆளுக்கொரு கத்தரியோடு ஏறினார்கள். சிலுவையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

சாயங்காலம் மாதா ஏறினாள். மேற்கே முகம் வைத்துக் கப்பல் போனது. காற்று ஓட்டைகளில் நுழைந்து போக, வெட்டிய துணி நாக்குகள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. எந்த ஸ்பானியனும் இப்படியொரு பாயைப் பார்த்திருக்க மாட்டான். தெரு திரும்பிக் கிழக்கே வரும்போது காற்றே லேசாகத் தள்ளியது. வடம் பிடித்தவர்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். யார் கட்டியது என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கேட்டார். "எங்க தெருக்காரரு" என்று யாரோ கையைக் காட்டினார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருமில்லை.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன், மறுபடி நம் தெரு முறை வரும்போது கட்டுவதற்கு யாரைக் கூப்பிடப் போறீக என்று.

"கப்பல் வேணாம் மாப்ள, நீங்க வாங்க."