பாண்டியிலிருந்து வந்த பன்னிரண்டு ஜாடிகள்

பழைய சாமான் கடையில் பொருளை விற்பது சுலபம், அது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். கடை வைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் அப்படியொரு கடை நடத்தினோம். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, பன்னிரண்டு மண்ஜாடிகளை வாங்கி வந்தேன்.

பாதி மஞ்சள்

ஜாடியின் மேல்பாதியில் மஞ்சள் மெருகு பளபளக்கும். கீழ்ப்பாதி வெறும் சுட்ட மண். ஆர்.கே.பேட்டை நெசவுக்கார அம்மா ஒருவர் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருப்பது கெடாமலிருக்க அடிப்பாதியை மணலில் புதைத்து வைப்பார்களாம், அதனால் அங்கே பூச்சு இல்லை என்று, பாண்டியில் கேட்டதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அதெல்லாம் சரிங்கண்ணா. பூசிக்கினே வர்றப்போ மெருகு தீந்துபோச்சுன்னு சொன்னா, நான் என்னா வாணாம்னா சொல்லப்போறேன்?”

உள்ளே இருந்தது

சைவ ஓட்டல் முதலாளி ஒருவர் மாங்காய் ஊறுகாய் போடப் பெரிய ஜாடியொன்றை வாங்கிப் போனார். அவர் போன பிறகு பாவா கேட்டார், பிரெஞ்சுக்காரர்கள் அதில் என்ன வைப்பார்கள் என்று. வாத்துக்கறியைக் கொழுப்பில் வேகவைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மலைக்கு வரும் பக்தர்கள் சாப்பிடுகிற ஓட்டல். விஷயம் பரவினால் அவர் பெயரும் போகும், என் பெயரும் போகும்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கழுவிய ஜாடி வெயிலில் கவிழ்ந்திருந்தது. பக்கத்திலேயே மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். அவர் ஜாடியைத் தூக்கி என் சைக்கிள் கேரியரில் வைத்தார். “நல்லவேளை நைனா, போடறதுக்கு முன்ன வந்து சொன்ன. போட்டப்புறம் வந்திருந்தா எனக்குக் காது கேட்டிருக்காது.”

பாவாவின் உழைப்பு

மெட்ராஸிலிருந்து காரில் சாமி கும்பிட வந்த அம்மா ஒருவர், வரவேற்பறையில் அழகுக்கு வைக்க ஜாடி கேட்டார். இந்த முறை வாத்து விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம்தான் அதிகமாயிற்று. ஆனால் ஜாடிகளைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. பாவா இரண்டு நாள் உட்கார்ந்து புளியும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்து, நூறு வருஷக் கறையை ஒன்றுவிடாமல் எடுத்திருந்தார்.

கடைசியில் பின்கட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த, விளிம்பு உடைந்த ஜாடியைக் கண்டுபிடித்து, புடவைத் தலைப்பால் அணைத்தபடி காரில் ஏறினார். கார் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த பாவா சொன்னார்: “தேச்சு வெச்சதெல்லாம் வுட்டுட்டு ஒடைஞ்சத எடுத்துகினு போறாங்க. அடுத்த தபா கோழியத்தான் வேலைக்கு வெக்கணும்.”

இன்றைக்கும் யாராவது “இது எதுக்குங்க?” என்று கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்கிறேன், என்ன, கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.