வருமுன் சொன்ன நன்றி

நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. பூந்தமல்லியை அடுத்த எங்கள் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் திருப்பலி தொடங்கியது. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். இருந்தும், அற்புதம், அசரீரி என்று யாராவது தொடங்கினால் மரியாதையாக எழுந்து போய்விடுகிறவள். நீங்களும் அப்படிப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

அது மாணவர் நலப் பொறுப்பிலிருந்த ஃபாதருக்கான பிரிவுத் திருப்பலி. விடுதிக் காப்பாளராக வந்து, பணிக்காலம் முழுவதையும் எங்களைப் போன்றவர்களோடே கழித்தவர். காய்ச்சல் என்றால் கஞ்சியோடும், காதல் தோல்வி என்றால் கேன்டீன் டீயோடும் வந்து நிற்பவர். மறுநாள் மாற்றலாகிப் போக வேண்டும். ஆனால் என் அறைத்தோழி ஜெசிந்தாவை நண்பகலிலிருந்து காணவில்லை. வருகைப்பதிவு போதாது, தேர்வெழுத முடியாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். "என்னைத் தேடாதே" என்று எனக்குச் செய்தி அனுப்பிவிட்டுச் செல்பேசியை அணைத்துவிட்டாள். காவல் நிலையத்தில் சொல்லியாயிற்று. ஃபாதர் தன் பங்குக்குப் பாரிவாக்கம் ஏரிக்கரை வரை ஸ்கூட்டரில் தேடிவிட்டு, காலில் சேறோடு திரும்பியிருந்தார்.

"இத்தன வருசத்துல ஒரு பிள்ளையையும் தொலச்சதில்லம்மா," என்றார் என்னிடம். "கடைசி நாள்ல விட்டுருவேனோ?"

"மன்றாட்டுல அவ பேரச் சொல்லுங்க ஃபாதர்."

பொதுமன்றாட்டு வந்தது. அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாங்கள் பதில் சொல்லவேண்டிய இடம். ஃபாதர் கண்களை மூடினார். "ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்த மகள் ஜெசிந்தாவுக்காக, இறைவா, உமக்கு நன்றி கூறுகிறோம்" என்றார்.

மன்றாடவேண்டிய இடத்தில் நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது? ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரோ ஒன்றும் நடவாததுபோல் அடுத்த மன்றாட்டுக்குப் போய்விட்டார்.

இறுதி ஆசீருக்கு முன் வாயிற்காவலர் அண்ணன் ஓடிவந்தார். "ஃபாதர், அந்தப் பொண்ணு வந்துட்ச்சி! ஆட்டோல வந்துகீது, ஒத்தச் செருப்போட!"

நான் அழுதேன், சிரித்தேன், அவள் முதுகில் ஓங்கி ஓர் அடியும் வைத்தேன். ஃபாதர் ஆலயப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பரீட்ச திரும்ப வரும். ஒன்ன எங்கம்மா போயித் தேடறது?" என்றார். அவர் சொன்ன நன்றியைப் பற்றிக் கேட்டேன். "நானா? திரும்பி வரணும்னுதானே வேண்டுனேன்," என்றார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

அறைக்கு வந்ததும் ஜெசிந்தா சொன்னாள்: பகலெல்லாம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஆறரை மணிக்கு மேல் குத்தம்பாக்கம் பக்கம் வேலூர் பேருந்தில் ஏறியிருக்கிறாள். எங்கே இறங்குவது, இறங்கி என்ன செய்வது, எதுவும் தெரியாது. அப்போது பேருந்து நிறைய ஆட்கள் ஒரே குரலில் "இறைவா, உமக்கு நன்றி" என்றார்களாம். திரும்பிப் பார்த்தால் பாதி இருக்கை காலி, மீதிப்பேர் தூக்கம். பயந்து குதித்ததில் ஒரு செருப்பு பேருந்தோடு போய்விட்டது.

"நீங்கல்லாம் சொன்னதுதானடி அது?" என்றாள். எங்களில் யாரும் சொல்லவில்லை என்பதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, நான் தனியாக முதல் பூசைக்குப் போனேன். மன்றாட்டுகள் முடிந்த அமைதியில், முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி, உரக்கச் சொன்னேன்: "இறைவா, உமக்கு நன்றி."