பின்முற்றத்தில் உருகிய கல்

நான் படிக்கிற கற்கள் எல்லாம் என்றைக்கோ ஆறிப்போனவை. பாறசாலையைச் சுற்றியுள்ள சில பழைய குவாரிகளில், வெளிறிய பாறையைப் பிளந்துகொண்டு கறுப்பாக ஒரு பட்டை ஓடும். பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு ஒரு விரிசல் வழியாக ஏறி, வழியிலேயே உறைந்து நின்றதன் மிச்சம் அது. எந்த ஆழத்தில் உருகியது, எதனால் உருகியது, எவ்வளவு வேகமாக ஆறியது என்று அந்தக் கல்லிடம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவள் நான். சுத்தியலும் பையுமாக அடிக்கடி பஸ் இறங்குவதைப் பார்த்து, குவாரிப் பக்கத்து டீக்கடையில் எனக்குக் 'கல்லு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அந்த டீக்கடைக்காரர்தான் போன் செய்தார்.

"டீச்சறே, ஒடனே வரணும். அமரவிளைக்குப் பக்கத்துல ஒரு வீட்டுல பூமி பொளந்து தீ வந்திருக்கு. கல்லு உருகி ஒழுகிக் கெடக்கு. அக்னிபர்வதமாக்கும்ணு சனம் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் எரிமலைக்கு வழியே இல்லை என்றேன். அவர் ஒரு வீடியோ அனுப்பினார். ஈர மண்ணில் ஒரு குழி கங்கு மாதிரிச் சிவந்து, அதன் விளிம்பிலிருந்து ஏதோ மெதுவாக வழிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அது ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டும் தொழிலாளி. அவருடைய மனைவி தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பின்முற்றத்தில், வேலியோரம் நின்ற மின்கம்பத்தின் அடியில் கூட்டம். என்ன நடந்தது என்று விளங்க நேரமாகவில்லை. மதியக் காற்றில் ஒரு தென்னை ஓலை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. அறுந்த முனை நனைந்த தரையில் கிடந்து, மின்சாரம் நிற்கும்வரை மண்ணுக்குள் பாய்ந்திருக்கிறது. அந்தச் சூட்டில் மண்ணும் அடியிலிருந்த பாறையும் உருகிவிட்டன. லைன்மேன் வந்து, இனி கறண்டு இல்லை என்று உறுதி சொன்ன பிறகுதான் குனிந்தேன்.

கருப்பட்டிப் பாகு வழிந்து உறைந்ததுபோல் ஒரு கட்டி. கறுப்பு, பளபளப்பு, மேலெல்லாம் குமிழிகள். உடைந்த இடத்தில் கரும்பச்சைக் கண்ணாடி. இத்தனை வருடம் உருகிய கல்லைப் பற்றியே எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் இளஞ்சூடு மாறாத ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"டீச்சருக்கு சந்தோசமாக்கும்," என்றார் பின்னால் நின்ற வீட்டுக்காரி. கோபமாகச் சொல்லவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நான் வருவதற்குள் யாரோ எடுத்த வீடியோ பூவாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மருமகன் அங்கே ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் படகு ஓட்டுகிறவன். அவனும் அவன் அம்மாவும் காரில் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வந்தபோது அறையில் மெத்தை விரித்தபடியே கிடந்தது. சமையலறையில் பேறுகால மருந்துக்குச் சேர்த்த சரக்குகள், துணிமுடிச்சுகளாக.

"எனக்க மவளுக்கு நான் செய்ய வேண்டியதாக்கும். நீங்க பூவாருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அக்னிபர்வதம் இல்லண்ணு சொல்லுங்க. போதும்."

கட்டியில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது, முழுக்கக் கண்ணாடி. உருக மறுத்த குவார்ட்ஸ் மணிகள், விளிம்பு மழுங்கி, வாயில் பாதி கரைந்த கற்கண்டு மாதிரி மிதந்தன. ஓரிடத்தில் இறகு இறகாகப் படிகங்கள் வளரத் தொடங்கி நின்றுபோயிருந்தன. நான் படிக்கும் கறுப்புப் பட்டைகளின் ஓரமும் முதலில் இப்படித்தான் இருந்திருக்கும். காலம் அந்தக் கண்ணாடியைத் தின்றுவிட்டதால் நான் ஊகித்துத்தான் எழுதியிருந்தேன். பூமிக்குள் பாறை உருக மூன்று வழிகளை வகுப்பில் சொல்வேன்: சூடு ஏற வேண்டும், அல்லது அழுத்தம் குறைய வேண்டும், அல்லது நீர் சேர வேண்டும். அறுந்த கம்பி அந்தப் பாடத்தில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாவும் நானும் பூவாருக்குப் போனோம். அவர் மடியில் ஒரு சீப்பு ஏத்தன்பழம், என் பையில் கண்ணாடித் துண்டு. சம்பந்தியம்மாள் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் துண்டைக் காட்டி விளக்கினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது கறண்டு செய்த வேலை?"

"ஆமாம். கீழே எரிமலை எதுவும் இல்லை."

"செரி. ஒண்ணு கேக்குதேன். உங்களுக்க மவளா இருந்தா அந்த வீட்டுல கெடத்துவியளா?"

பக்கத்தில் அம்மா என் முகத்தையே பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கம்பியைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கம்பம் வீட்டுக்குப் பக்கத்திலேயேதான் நின்றது, அதற்கு மேல் தென்னைகள், மழையோ முடியவில்லை.

"எரிமலைதான் பயம் என்றால் கிடத்துவேன். கம்பத்தை மாற்றுகிறவரை கிடத்தமாட்டேன்," என்றேன்.

உள்ளே கட்டிலில் இருந்த மகள் எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். சம்பந்தியம்மாள் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மயினி, நான் பிள்ளைய விடமாட்டேன். அதுக்குப் பதிலா நீங்க இஞ்ச வாங்க. பேறு பாக்கது ரெண்டு பேருமா பாப்போம்."

அம்மாவுக்கு முகம் இறுகிவிட்டது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்கிச் சாப்பிடுவது அவருக்குப் பெரிய குறைச்சல். யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்தார். பஸ்ஸில் வெகுதூரம் வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உண்மைய சொல்லத்தான் டீச்சர கூட்டிட்டு வந்தேன்," என்றார் கடைசியில். "இவ்வளவு உண்மை வேணும்ணு நான் கேக்கல்லியே."

மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைத் தட்டி, "நீங்க சொன்னது செரிதான். அதாக்கும் வெசனம்," என்றார்.

மறுமுறை குவாரிக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். வீட்டுக்காரர் மட்டும் இருந்தார், அடுப்பில் பப்படம் கருகிக்கொண்டிருந்தது.

"அவ பூவாருக்குப் போயாச்சு டீச்சறே. மருந்து, அம்மி எல்லாம் ஆட்டோவுல ஏத்தி. அம்மி என்னதுக்குடீண்ணு கேட்டேன். அவங்க வீட்டு அம்மியில அரைச்சா மருந்து ஏறாதாம்."

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது பூவார் வீட்டுப் பின்முற்றத்தில் இரண்டு பாட்டிகளும் குளிக்கவைக்கும் தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குச் சூடு போதாது, மற்றவருக்கு அதிகம். மகள் உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைத் தனியே அழைத்து, இங்கே மீன்கறிக்குப் புளி கூடுதல் என்று குறை சொன்னார். குரலில் வருத்தமே இல்லை.

குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில் கம்பம் ரோட்டோரத்துக்கு மாறியது. தாயையும் பிள்ளையையும் அமரவிளைக்குக் கூட்டிவந்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். கூடவே வந்த சம்பந்தியம்மாள் முதலில் வீட்டுக்குள் நுழையவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, அண்ணாந்து கம்பிகளைப் பார்த்து, வேலியோரம் மண் நிரப்பிய குழியைச் செருப்புக்காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைய விட்டுட்டு நீங்க சாயங்காலமே போறியளா?" என்று கேட்டார் அம்மா.

"போகல்ல மயினி. மாத்துச்சேல ரெண்டு கொண்டு வந்திருக்கேன்," என்றார் அவர்.