தனலெட்சுமி டீச்சர் எழுதிய சிவப்பு வரி

தனலெட்சுமி டீச்சருக்குச் சண்டை போடத் தெரியாது. புக்கிட் மெர்தாஜாம் பாசாரில் மீன்காரன் நேற்றைய மீனைத் தலையில் கட்டினாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அண்ணி நல்லம்மாள் அந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவள் பினாங்கில் போய் என்னத்தைக் கற்றுக்கொடுக்கிறாளோ என்று தலையில் அடித்துக்கொள்வாள். வேடிக்கை என்னவென்றால், டீச்சர் பினாங்கில் கற்றுக்கொடுத்ததே சண்டை போடத்தான். கையால் அல்ல, காகிதத்தில்.

அது 1933ஆம் வருஷம். தனலெட்சுமிக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லையே என்று ஊரே அவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததால் அவள் தனியாக வேறு கவலைப்படவில்லை. விடியற்காலையில் பிறைக்கு ரயில், பிறையிலிருந்து ஃபெர்ரி, ஜெட்டியிலிருந்து பெண்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடம்வரை நடை. அங்கே ஆறாம் ஸ்டாண்டர்டில் முப்பத்துமூன்று பெண்பிள்ளைகள்: சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு மூன்று மலாய்ப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் வாதக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. அந்த வேலை அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. வேலையில் இத்தனை சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவள் மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பிள்ளைகள் எங்கேயாவது ஒரு புது வார்த்தையைக் கண்டால் துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் போடவேண்டும். போட்டால் மட்டும் போதாது. ஒரு வாரத்துக்குள் அந்த வார்த்தையை மூன்று இடத்தில் வாயால் பேசியாகவேண்டும். அப்போதுதான் அது எழுதிப் போட்டவளுக்குச் சொந்தம். இதனால் ரிக்ஷாக்காரரிடம் 'கான்சீக்வென்ட்லி' என்றும் ஐஸ் விற்கிறவரிடம் 'நெவர்தெலெஸ்' என்றும் பேசி, அந்தப் பாவப்பட்ட மனிதர்களை முழிக்க வைத்தார்கள்.

கட்டுரைக்கு டீச்சர் மூன்று விதி வைத்திருந்தாள். முதல் விதி, யாரும் தன் கட்சிக்கு எழுதக்கூடாது. தலைப்பைச் சொன்னதும் யார் யாருக்கு எது சரியென்று படுகிறது என்று கையைத் தூக்கச் சொல்வாள். தூக்கியவர்கள் எல்லாம் எதிர்க்கட்சிக்குத்தான் எழுதவேண்டும். தன் கட்சிக்குக் காரணம் தேடுகிறவள் கைக்குக் கிடைத்த முதல் காரணத்தோடு படுத்துவிடுவாள், எதிர்க்கட்சிக்காரிதான் மூலை முடுக்கெல்லாம் தேடுவாள் என்பது அவள் கணிப்பு. இரண்டாவது விதி, எழுதுகிற காரணத்தைக் கேட்டு அந்தக் கட்சிக்காரர் 'ஆமாம், இதைத்தான் சொல்ல நினைத்தேன்' என்று தலையாட்டவேண்டும். மூன்றாவது, மாதத்தின் சிறந்த கட்டுரையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவரவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை. நல்ல யோசனைகளில் எல்லாம் இப்படி ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுபோனார்கள். டீச்சருக்கு மனசு ஆறவில்லை. 'பதின்மூன்று வயதுக்குமேல் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவேண்டுமா?' என்று தலைப்புக் கொடுத்துவிட்டாள். வரவேண்டும் என்று முப்பத்தொரு கையும் தூக்கியது. விதி விதிதானே? முப்பத்தொரு பேரும் வரக்கூடாது என்று எழுதவேண்டியதாயிற்று. வகுப்பே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியது.

அதில் சபூராவின் கட்டுரைதான் முதலிடம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே கப்பல்களுக்குக் கயிறும் கித்தானும் விற்கிற மீரா சாகிப்பின் மூத்த மகள் அவள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். நான்கு காரணம் எழுதியிருந்தாள். சின்னப் பிள்ளைகளோடு அல்லாடும் தாய்க்கு ஒத்தாசை வேண்டும். ஆங்கிலம் பேச வீட்டில் ஆள் கிடையாது. வளர்ந்த பெண் தெருவில் நடப்பது பெற்றவர்களுக்கு மடியில் நெருப்பு. வீடு திரும்பும் வழியில் நான்காவதைப் படித்தபோதுதான் டீச்சர் ஃபெர்ரியை விட்டு இறங்க மறந்தாள்.

'மகள் படிக்கப் படிக்க, அவள் கையிலிருக்கும் புத்தகம் தகப்பனுக்குப் புரியாமல் போகிறது. ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் வேற்றாள் ஆகிவிடுகிறார்கள். படித்த வேற்றாளாக இருப்பதைவிடப் படிக்காத மகளாக இருப்பது மேல்.'

தனலெட்சுமி இதற்கு மறுப்புத் தேடினாள். ரயிலில் தேடினாள், சாப்பிடும்போது தேடினாள். கிடைக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் சிவப்பு மையைத் தொட்டு, கட்டுரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள்: 'இதற்கு என்னிடம் பதில் இல்லை.' கையெழுத்தும் போட்டாள்.

திங்கட்கிழமை சபூரா வரவில்லை. அவளுக்குப் பதில் மீரா சாகிப் கடையில் கணக்கெழுதும் கிராணி கமாலுதீன் வந்து நின்றான். ஒரு கையில் நோட்டு, மறு கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். நோட்டில் தமிழில் கையெழுத்து இருந்தது. முதலாளி சொல்லியனுப்பியதை அவன் ஒப்பித்தான். பிள்ளையை நிறுத்தலாமா வேண்டாமா என்று முதலாளி ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்தாராம். இப்போது பிள்ளையே நிற்கவேண்டும் என்று எழுதிவிட்டது, டீச்சரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், மனப்பாரம் இறங்கிவிட்டது. இவ்வளவு நல்ல புத்தி சொல்லிக்கொடுத்ததற்குத்தான் பேரீச்சம்பழம்.

டீச்சர் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சபூராவின் படிப்பை முடித்து வைத்தது வேறு யாருமல்ல, அவளுடைய மூன்று விதியும் ஒரு சிவப்பு வரியும்தான்.

மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கயிற்றுக் கடைக்குப் போனாள். மீன்காரனிடம் பேசத் தெரியாதவள் ஒரு முதலாளியிடம் வாதாடப் போகிறாள் என்று நினைக்க அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மீரா சாகிப் எழுந்து நின்று வரவேற்றார். பருத்த மனிதர், சாந்தமான முகம். டீ வரவழைத்தார். டீச்சர் விதிகளை ஒன்று விடாமல் விளக்கினாள். சபூரா எழுதியது அவள் எண்ணம் அல்ல, எதிர்க்கட்சியின் எண்ணம் என்றாள். சபூராவும் அதையேதான் சொன்னாள் என்று மீரா சாகிப் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் வியாபாரத்தில் வாயால் சொன்னதைவிட எழுதிக் கையெழுத்து வைத்ததற்குத்தான் மதிப்பு. நோட்டை விரித்து, சிவப்பு வரியில் விரலை வைத்தார்.

"அப்ப இது, டீச்சரம்மா? நீங்க எழுதுனதும் எதிர்க்கட்சிதானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். தனலெட்சுமிக்கு அது வரவில்லை.

"இல்ல அண்ணே. அது நான் மனசார எழுதுனது. அந்த நாலாவது காரணத்துக்கு எனக்கு இன்னும் பதில் வரல."

மீரா சாகிப் நோட்டை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த நாலாவது என்னோடது டீச்சரம்மா. வெளியில யார்கிட்டயும் சொன்னதில்ல. பெருநாள் அன்னிக்கு வாய் தவறி வீட்ல ஒரு தடவ சொன்னேன். புள்ளை அதைப் புடிச்சு வச்சிருக்கு. நான் சொன்னதைவிட நல்லா சொல்லியிருக்கு."

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் வேதனையும் கலந்து தெரிந்தன. டீச்சருக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பதில் என்னிடம் இல்லை, எழுதியவளிடம் இருக்கும், அவளையே கேளுங்கள் என்றாள். மீரா சாகிப் யோசித்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சபூரா கடையில் வைத்துத் தன் கட்டுரைக்குத் தானே பதில் சொல்லட்டும் என்றார். நான்குக்கும் பதில் இருந்தால் பள்ளிக்கூடம். ஒன்றுக்கு இல்லையென்றாலும் வீடு. இன்னொரு கண்டிப்பும் போட்டார்: டீச்சர் கை வைக்கக்கூடாது.

அந்த நான்கு நாளும் தனலெட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபெர்ரியில் உட்கார்ந்து முதல் மூன்று காரணத்துக்கும் பதில் கண்டுபிடித்தாள். நான்காவதுக்கு இரண்டு பதில் கண்டுபிடித்து, இரண்டும் சொத்தை என்று தூக்கிப் போட்டாள். கமாலுதீன் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று புதன்கிழமை ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தோடு வியாழக்கிழமைவரை மல்லுக்கட்டிவிட்டு, சீட்டுக் கொடுக்காமலே இருந்துவிட்டாள். பேரீச்சம்பழப் பெட்டியையும் பிரிக்கவில்லை. அண்ணி கேட்டதற்கு, அது இன்னும் நம்முடையது ஆகவில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை கடையில் கயிற்றுச் சுருள்களை ஒதுக்கி மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். மாடி வீட்டுக்குப் போகிற படியில் சபூராவின் தாய் சுலைஹா, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சபூரா ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிக்கவேண்டும், பிறகு அதைத் தமிழில் சொல்லவேண்டும், சொன்னது சரிதானா என்று கமாலுதீன் நோட்டைப் பார்த்து உறுதி செய்யவேண்டும். மீரா சாகிப் சரக்கில் கூட இவ்வளவு கெடுபிடி காட்டியதில்லையாம்.

முதல் காரணத்துக்கு, இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்று சபூரா கேட்டிருந்தாள். படியிலிருந்து சுலைஹா, அது உண்மைதான் என்று யாரும் கேட்காமலே சாட்சி சொன்னாள். இரண்டாவதுக்கு, வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாவிட்டாலும், கடைக்கு வருகிற கப்பல்காரர்களில் பாதிப் பேர் அதைத்தான் பேசுகிறார்கள் என்றிருந்தாள். மூன்றாவதுக்கு, பள்ளிக்கூடம்வரை தெரு முழுவதும் அத்தாவின் கூட்டாளிகள்தான், வழியில் தும்மினால்கூட வீட்டுக்குச் செய்தி வந்துவிடுகிறது, இதைவிடக் காவல் வேறென்ன என்று எழுதியிருந்தாள். மீரா சாகிப் சிரிப்பை அடக்கப் பார்த்தார். கமாலுதீன் அடக்கவில்லை. "கரெக்ட்லா முதலாளி, நானே ரெண்டு தடவ சொல்லியிருக்கேன்" என்றான்.

சபூரா நான்காவது பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தாள். டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தமிழில் சொல்லவேண்டிய நேரத்தில் சபூரா நோட்டைக் கமாலுதீனிடம் கொடுத்துவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, இதைத்தான் எழுதியிருக்கேன். போன வாரம் எனக்குப் பயமா இருந்துச்சு. வாசிச்சுக் காட்டணும்னு டீச்சர் சொன்னாங்க. நான் நோட்டை மேசையில வச்சுட்டு மேல ஓடிட்டேன். கமாலுதீன் அண்ணந்தான் உங்களுக்கு வாசிச்சாங்க. ஒரு வார்த்தை விடல. ஆனா நான் ஏன் எழுதுனேன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருந்தா, மொத வரியிலேயே 'என்ன புள்ளை இது'ன்னு கேட்டிருப்பீங்க. நானும் சொல்லியிருப்பேன். நம்மள வேத்தாளாக்குனது படிப்பு இல்ல அத்தா. நான் மேல ஓடுனதுதான். இனிமே எழுதுறதை எல்லாம் நானே வாசிச்சுக் காட்டுறேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டீங்கன்னா, உங்களுக்கு வாசிச்சுக் காட்ட என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

கமாலுதீன் நோட்டைப் பார்த்து, எழுதியிருப்பது அப்படியேதான் என்றான்.

தனலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு நாளாக அவள் தேடியும் கிடைக்காத பதில் அது. கிடைக்காததும் நியாயம்தான், அது அவளுடைய வீட்டில் இருந்த பதில் இல்லையே. தன்னைவிடத் தன் பிள்ளை கெட்டிக்காரி என்று தெரிந்துகொண்ட நிமிஷம், அவள் வாழ்க்கையிலேயே ஆகச் சந்தோஷமான நிமிஷம் அதுதான் என்று பின்னாளில் அண்ணியிடம் சொன்னாள்.

மீரா சாகிப் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். கடையில் சிவப்பு மை இருக்கிறதா என்று கேட்டார். கமாலுதீன் எடுத்துவந்து மூடியைத் திறந்து வைத்தான். பேனாவைத் தொட்டு, மகளுடைய ஆங்கிலத்துக்கு அடியில், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினார். கையெழுத்தும் போட்டார். மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை டீச்சரிடம் நீட்டினார்.

'இதற்கு என்னிடம் பதில் இல்லை.'

டீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தாள். நிமிர்ந்தபோது மீரா சாகிப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் வேணாம் டீச்சரம்மா," என்றார். "இது எதிர்க்கட்சி இல்ல."