அத்தை துணி துவைத்த கல்

எங்க ஊர்க் கோட்டை எங்க போச்சுன்னு கேட்டா, வீடு வீடாப் போய்ப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். தென்காசியில பாண்டியன் இருந்தப்போ கட்டினது. இலஞ்சிக்குப் போற பாதையில இடிஞ்சு மேடாக் கிடந்துச்சு. அதோட கல்லு ஒண்ணு பள்ளிக்கூடத்துப் படி, இன்னொண்ணு மாட்டுத் தொட்டி. எங்க புறவாசல்ல என் மாமியார் துணி துவைக்கிற கல்லும் அங்கன இருந்து வந்ததுதான். மேல தேஞ்ச எழுத்து இருக்கும். அந்தச் சொரசொரப்புக்கு அழுக்கு நல்லாப் போகும்பாங்க அத்தை.

நான் அந்த ஊர்ல சரித்திர டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறந்த புதுசு. மிச்ச மதிலையும் உடைச்சு ரோட்டுக்கு ஜல்லி போடப் பஞ்சாயத்துல முடிவு பண்ணிட்டாங்க. நேராப் போய்க் கேட்டேன். கோட்டைன்னதுக்கு என்ன அத்தாட்சி, வெறும் கல்லுக்கா இவ்வளவு ரகளைன்னுட்டார் தலைவர். தொல்பொருள் ஆபீசுக்கு எழுதினா, பத்து நாள்ல வாரோம்னு பதில். சம்மட்டிக்காரங்க மறுநாளே வந்து இறங்கிட்டாங்க.

விடுவேனா நான்? அன்னைக்குச் சாயங்காலமே துவைகல்லை நாரால தேச்சுக் கழுவினேன். தெருவே கூடிட்டு. எழுத்துக் கூட்டி வாசிச்சேன். கோட்டை வாசலுக்கு ஒரு படைவீரன் நிலைக்கல் கொடுத்திருக்கான். அப்புறம் நிமிர்ந்து கணீர்னு சொன்னேன்.

"இதுக்குக் கேடு செஞ்சவன் கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்."

அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"ஏட்டி, முப்பது வருஷமா இதுமேல அழுக்குத்துணிய அடிச்சிருக்கேனே!"

மறுநாள் சம்மட்டிக்காரங்களைக் காணோம். படிக்கல்லு, தொட்டிக்கல்லு, எங்க துவைகல்லு எல்லாம் மாட்டுவண்டியில மேட்டுக்குத் திரும்பிட்டு. முதல் வண்டி தலைவர் வீட்டு வண்டி. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் தொல்பொருள் ஆபீசர் மேட்டுக்கு வந்தார். குனிஞ்சு துவைகல்லை ரெண்டு தடவை வாசிச்சார். நிலைக்கல் சரிதான், ஊரே சொல்ற சாபம் எங்க இருக்குன்னு கேட்டார். தலைவர்ல இருந்து ஊரே சுத்தி நிக்குது. கோயில் கல்வெட்டுல வழக்கமா வாற வாசகத்தை நான்தான் ஒட்ட வச்சேன்னு எப்படிச் சொல்ல? சொன்னா நாளைக்கே ஜல்லி.

"கடைசி வரி ரொம்பத் தேஞ்சிருக்கு சார். வாசிக்க நல்ல கண்ணு வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். ஊர்க்காரங்க திருப்பிக் கொண்டாந்து அடுக்கியிருந்த கல்லையெல்லாம் பார்த்தார். பேனாவை எடுத்து, கடைசி வரி தேய்ந்துள்ளதுன்னு எழுதிக்கிட்டார்.