மதகை அடைத்தவரின் மணிவிழா மலர்

காலையில் சீரியல் வசனத்தை முடித்துவிட்டு, அடுத்த வேலைக்காகப் பிள்ளைப்பாக்கம் போனேன். நிலத் தரகர் ஒருவரின் மணிவிழா மலருக்கு அவர் வாழ்க்கையை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன்.

பிரியாணியை மென்றுகொண்டே சொன்னார்: "தொண்ணூத்தொண்ணுல ஏரி மதகை நாந்தாம்மா அடைச்சேன். பயிரு காஞ்சிச்சு. நான் கேட்ட வெலைக்கு நெலத்தைக் குடுத்துட்டானுங்க."

"இதை எழுதட்டுமா சார்?"

"வோணாம்மா. ஊருக்கே தண்ணி வுட்டேன்னு எழுதிக்கோ." சிரித்தார்.

எனக்கு வைத்த பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தேன். என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் எழுதிவரும் நாவலும் அதே ஊர், அதே வருடம்தான். மழை பொய்த்துப் பயிர் கருகியதாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை அழித்தேன். இன்று நாவல் வளரவில்லை, குறைந்திருக்கிறது.

மலர் எழுத அவருக்கு வேறு ஆள் வேண்டுமாம். வயிறு இடம் கொடுப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.